கண்டி ஈரத்தில் பழைய செதுக்குப்படங்கள்

பழைய செதுக்குப்படம் ஒன்று கைக்கு வந்தவுடன் அதைத் துடைக்க வேண்டும், கறையை வெளுக்க வேண்டும், புதுச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்றுதான் பெரும்பாலோருக்குத் தோன்றும். இந்த அத்தியாயம் அதற்கு நேர்மாறான வழியைச் சொல்கிறது. கண்டியில் ஒரு தாளைக் கெடுப்பது அதன்மேல் ஏற்கெனவே இருக்கும் கறை அல்ல, அதைச் சுற்றியிருக்கும் காற்று. நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே, வாவியை ஒட்டி இருக்கிறது. ஒருபக்கம் உடவத்தகெலே காடு, மறுபக்கம் ஹந்தானையிலிருந்து இறங்கும் மூடுபனி. ஆண்டின் பெரும்பகுதியில் இங்கே சாரீரப்பதன் 75 வீதத்துக்கு மேலேயே நிற்கிறது, விடியற்காலைகளில் 90ஐத் தொடுகிறது. ஈரப்பதன் 65 முதல் 70 வீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நின்றாலே காகிதத்தில் பூஞ்சணம் முளைக்கும். கறையை நீக்கிய தாளை இதே காற்றில் திரும்பவும் மாட்டினால், மழைக்காலம் ஒன்று கழிவதற்குள் புதுக்கறை வரும். காற்றை அடக்கிவிட்டால் பழைய கறை வளராது, தாளும் பிழைக்கும். ஆகவே திருத்த வேண்டியது காற்றை. தாளைத் தொடுவது குறையக் குறைய நல்லது. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரே முடிவிலிருந்து பிறந்தவை.

எந்தத் தாளில் கை பழகுவது

றொபர்ட் நொக்ஸ் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்து தப்பிப்போய் 1681இல் லண்டனில் வெளியிட்ட நூலின் செதுக்குப்படங்கள்தான் கண்டியைப் பற்றிய தாள்களில் எல்லோரும் தேடுபவை. அரசன் இரண்டாம் இராஜசிங்கன் நிற்கும் படமும், யானையைக் கொண்டு மரணதண்டனை நிறைவேற்றும் படமும் அவற்றுள் பெயர்பெற்றவை. புதிதாகத் தொடங்குபவர் இவற்றில் கை வைக்கக் கூடாது. பழகுவதற்கு மலிவான, பழைய, ஆனால் உண்மையான தாள் வேண்டும். அதற்கு மிகப் பொருத்தமானவை 19ஆம் நூற்றாண்டு ஜேர்மன் இலக்கியச் செதுக்குப்படங்கள். லைப்சிக் நகரத்துப் புரொக்ஹவுஸ் பதிப்பகம் 1859இல் ஷில்லரின் பாத்திரங்களையும், 1864இல் கோதேயின் பாத்திரங்களையும், 1868இல் லெஸ்ஸிங்கின் பாத்திரங்களையும் உருக்குத் தகட்டில் செதுக்கித் தொகுதிகளாக வெளியிட்டது. படங்களைப் பிரீட்ரிக் பெக்ட் என்ற ஓவியர் தலைமையில் வரைந்தார்கள். இந்தத் தொகுதிகள் பிரிக்கப்பட்டு, தனித்தனித் தாள்களாக உலகெங்கும் பழம்பொருள் வணிகத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. விலை குறைவு, எண்ணிக்கை அதிகம்.

மலிவு என்பதை விட முக்கியமான காரணம் ஒன்றுண்டு: ஓரத்தின் மதிப்பை இவை கற்றுத்தரும். இந்தத் தாள்களில் அதிகம் விரும்பப்படுபவை துயரத்தில் முடிந்த பெண்களின் படங்கள். பெற்ற குழந்தையைக் கொன்று சிறையில் அறிவு கலங்கிக் கிடக்கும் கிரெட்சன் கோதேயின் ஃபவுஸ்டில் வருபவள். அவரது எக்மொன்ட் நாடகத்தில் காதலனைக் காப்பாற்ற முடியாமல் நஞ்சருந்துபவள் கிளேர்ஷென். ஷில்லரின் 1784ஆம் ஆண்டு நாடகத்தில் காதலன் எலுமிச்சைச் சாற்றில் கலந்த நஞ்சால் இறப்பவள் லுயீஸ். மானம் காக்கத் தந்தையின் கத்திக்கே இரையாகும் எமிலியா கலோட்டி லெஸ்ஸிங்கின் 1772ஆம் ஆண்டு நாடகத்தின் நாயகி. நான்கு பேரும் இளம்பெண்கள். நான்கு பேரும் சற்றே தலை சாய்த்து, கண் தாழ்த்தி, அந்தக் காலத்து ஐரோப்பிய உடையில் வரையப்படக்கூடியவர்கள். படத்துக்குக் கீழே அச்சான பெயரை வெட்டி எறிந்துவிட்டால் அவள் யார் என்று சொல்ல ஆள் இல்லை; சோகமான ஒரு பெண், அவ்வளவுதான். பெயர், ஓவியர், செதுக்கியவர், பதிப்பகம் எல்லாம் இருப்பது ஓரத்தில். சட்டத்துக்கு அளவாக வெட்டும்போது முதலில் போவதும் ஓரம்தான்.

கண்டியிலும் இதே ஆபத்து இருக்கிறது. 1814இல் அரசன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனின் ஆணையால் பிள்ளைகள் தலை வெட்டப்பட்டதைக் கண்முன்னே காண நேர்ந்து, பின் தானும் போகம்பரைக் குளத்தில் மூழ்கடிக்கப்பட்ட எகலப்பொல குமாரிஹாமியின் கதையை ஜோன் டேவி 1821இல் லண்டனில் வெளியான தம் நூலில் எழுதினார். அந்தக் கதையின் வலி இன்றும் ஊரில் ஆறவில்லை. அதனால்தான் கீழெழுத்து வெட்டப்பட்ட ஏதோவொரு கண்டியச் சீமாட்டியின் படத்துக்கு 'குமாரிஹாமி' என்றோ 'கண்டியின் கடைசி அரசி' என்றோ பெயர் சூட்டி விலை ஏற்றுவது எளிது. ஓரத்தில் அச்சான சான்று இல்லாத பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்தப் பெண் பட்ட துன்பத்துக்கு மரியாதை செய்ய விரும்புபவர் பொய்யான முகத்தை அவள் முகம் என்று மாட்டக் கூடாது.

தாளைப் படிக்கும் வரிசை

தேவையானவை: பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி, சிறிய கைவிளக்கு, சுத்தமான வெள்ளைத் துணி விரித்த மேசை, பென்சில். பேனா மேசைக்கு அருகிலேயே வரக்கூடாது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு வெறுங்கையால் தொடுங்கள். துணிக் கையுறை தாளின் விளிம்பில் சிக்கிக் கிழிக்கும்.

1. விளக்கைத் தாளுக்குப் பக்கவாட்டில், தாழ்வாகப் பிடியுங்கள். படத்தைச் சுற்றி நாற்கோணமாக ஒரு பள்ளம் தெரிந்தால் அது தகட்டுத் தழும்பு. செப்பு அல்லது உருக்குத் தகட்டை ஈரத்தாளோடு அழுத்தி அச்சிட்டதன் அடையாளம் அது. தழும்பு இல்லை என்பதற்காகத் தாளைப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். ஓரம் வெட்டப்பட்டிருக்கலாம், அல்லது அது மரச்செதுக்காக இருக்கலாம்.

2. உருப்பெருக்கியில் கோடுகளைப் பாருங்கள். செப்புத் தகட்டில் கோடு கறுத்துத் தடித்து, முனையில் கூர்ந்து, மை சற்றே மேடாக நிற்கும். 1820களுக்குப் பின் பரவிய உருக்குத் தகட்டில் கோடு மயிரிழையாக, நெருக்கமாக, சாம்பல் மினுக்கத்தோடு இருக்கும். கிரெட்சனின் கன்னத்து நிழலே நூற்றுக்கணக்கான நுண்கோடுகளால் ஆனது. கோட்டுக்குப் பதிலாக வரிசையான புள்ளிகள் தெரிந்தால் அது புகைப்பட முறையில் அச்சான பிற்காலப் படி. அங்கேயே நிறுத்திவிடலாம்.

3. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சீரான இடைவெளியில் நெடுங்கோடுகளும் அவற்றுக்குக் குறுக்கே நெருக்கமான மெல்லிய கோடுகளும் தெரிந்தால் அது கம்பிச் சல்லடையில் கையால் வார்த்த பழைய தாள். 1681இன் தாள் இப்படித்தான் இருக்க வேண்டும். 1800க்குப் பின் வழுவழுப்பான நெய்சல்லடைத் தாளே வழக்கமாயிற்று.

4. பின்பக்கத்தைப் பாருங்கள். 1842இல் தொடங்கிய இலஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் இதழிலிருந்து கிழித்த கண்டிக் காட்சிகளுக்குப் பின்னால் செய்தி எழுத்து இருக்கும். அவை மரச்செதுக்குகள், தகட்டுத் தழும்பு இராது. பால்டேயஸ் பாதிரியார் யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களையும் இலங்கையையும் விவரித்த நூல் 1672இல் அம்ஸ்டர்டாமில் ஒல்லாந்த மொழியிலும் ஜேர்மன் மொழியிலுமாக அதே ஆண்டில் வந்தது. நூற்பக்கத்தோடு சேர்ந்து அச்சான படம் என்றால் எந்தப் பதிப்பு என்பதைப் பின்பக்க எழுத்தே சொல்லும்.

5. கீழெழுத்தைச் சுருக்கங்கள் உட்பட எழுத்துப் பிசகாமல் குறிப்பேட்டில் எழுதுங்கள். வழக்கமாக இடப்பக்கம் வரைந்தவர், வலப்பக்கம் செதுக்கியவர், நடுவில் தலைப்பு, அதற்குக் கீழே பதிப்பகம். பிறகு இருபக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு: நொக்ஸின் யானைத் தண்டனைப் படம் பின்வந்த நூல்களில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டது. படம் ஒன்றே என்பதால் ஆண்டும் ஒன்றே என்று முடிவு கட்டாதீர்கள். முதலாவது, மூன்றாவது, நான்காவது சோதனைகள் மூன்றும் ஒத்துவந்தால் மட்டும் 1681 என்று எழுதுங்கள்.

ஏன் கழுவக் கூடாது

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் பழைய தாள்களைக் கழுவுகிறார்கள், கறை நீக்குகிறார்கள். அங்கே சரியென்றால் வீட்டில் ஏன் கூடாது? அங்கே கழுவுபவர் முதலில் மை கரையுமா, பசை கரையுமா, வண்ணம் ஓடுமா என்று ஒவ்வொன்றையும் புள்ளியளவு இடத்தில் சோதிக்கிறார். கழுவிய தாளைக் கட்டுப்படுத்திய காற்றில், அழுத்தத்தின் கீழ் உலர்த்துகிறார். கண்டி வீட்டில் கழுவிய தாள் உலரவே நாட்கள் ஆகும். அதுதான் பூஞ்சணத்துக்கு வேண்டிய அவகாசம். அதோடு ஜேர்மன் உருக்குச் செதுக்குகளின் உயர்தரப் படிகள் சில மெல்லிய சீனத்தாளில் அச்சாகி, தடித்த தாளின்மேல் ஒட்டப்பட்டவை. நனைந்தால் அந்த மெல்லிய படலம் கொப்புளமாகக் கிளம்பும்; பிறகு எதனாலும் படியாது. சாமுவேல் டேனியல் 1808இல் வெளியிட்ட இலங்கைக் காட்சிகள் போன்றவற்றில் வண்ணம் கையால் பூசப்பட்டது. தண்ணீர் பட்டால் அது ஓடிவிடும்.

வெளுப்புத் திரவம் இதைவிட மோசம். குளோரின் கறையின் நிறத்தைப் போக்கும்போதே நாரையும் அறுக்கிறது. அன்றைக்குத் தாள் பளிச்சென்று இருக்கும், சில ஆண்டுகளில் மடித்தால் ஒடியும். இன்னொன்றையும் கவனியுங்கள்: வயது கூடிய தாள்தான் பலவீனமானது என்பது தவறான எண்ணம். 1681இன் தாள் கந்தல் துணியின் நாரால் ஆனது. நீளமான, வலிய நார். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதித் தாளில் இயந்திர உற்பத்தியும் படிகாரம் சேர்த்த பசையும் வந்துவிட்டன. அந்தப் படிகாரமே அமிலமாகித் தாளை உள்ளிருந்து அரிக்கிறது, ஈரம் அந்த வேலையை விரைவாக்குகிறது. 1864இன் கிளேர்ஷென் 1681இன் இராஜசிங்கனை விட விரைவில் பழுத்துப்போவது இதனால்தான். பழுப்புப் புள்ளி எவ்வளவு அசிங்கமாகத் தெரிந்தாலும் படத்தைப் படிக்க விடாமல் செய்வதில்லை. ஈரம் குறைந்தால் அது நின்ற இடத்திலேயே நிற்கும்.

கடைகளில் செய்து தரும் லமினேஷனும் இதே கணக்கில் விலக்கப்பட வேண்டியது. மலிவு, தண்ணீர் படாது, தூசி படியாது என்ற வாதங்கள் அடையாள அட்டைக்குப் பொருந்தும். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளின் நாருக்குள் இறங்கிவிடும். அதைத் திரும்பப் பிரிக்க வழியில்லை. ஒட்டுநாடாவும் அப்படியே. கிழிசலுக்கு நாடா ஒட்டினால் பசை பழுத்து, கிழிசல் போன இடத்தில் மஞ்சள் பட்டை நிற்கும். கிழிந்த தாளை ஒட்டாமலே பொலியெஸ்டர் உறைக்குள் படுக்க வையுங்கள். உறை அதைத் தாங்கும். பீவீசீ உறை வேண்டாம், அது வியர்த்துத் தாளில் ஒட்டும்.

பழைய சட்டத்தைப் பிரித்தல்

பழைய சட்டத்துக்குள் இருக்கும் தாளைப் பொறுத்தவரை சட்டமே பெரும்பாலும் நோய்க்கு மூலம். பின்பக்கம் அடித்த பலகை அமிலத்தைக் கசியவிடும். பலகைக்கும் தாளுக்கும் நடுவே திணித்த செய்தித்தாள் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்திருக்கும். கண்ணாடி தாளை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால், குளிர்ந்த விடியலில் உட்புறம் வியர்க்கும் நீர் நேரே படத்தில் இறங்கும்.

1. மழையில்லாத நாளில், நண்பகலுக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையில் செய்யுங்கள். நாளில் காற்று மிக உலர்ந்திருக்கும் நேரம் அது. மாதங்களில் பெப்ரவரியும் மார்ச்சும் ஏற்றவை. ஒக்டோபர், நவம்பரில் திறக்கவே வேண்டாம்.

2. மூக்கையும் வாயையும் மூடும் என்-95 முகக்கவசம் அணியுங்கள். பூஞ்சணத் தூள் நுரையீரலுக்குக் கேடு. ஆஸ்துமா உள்ளவர், கர்ப்பிணிகள், சிறுவர் அந்த அறையில் இருக்கக் கூடாது.

3. சட்டத்தை முகம் கீழாக, விரித்த துணியில் வையுங்கள். பின்பக்கத்தில் ஒட்டிய சீட்டு, கடைப் பெயர், கையெழுத்து எல்லாவற்றையும் முதலில் படம் எடுங்கள். அவை தாளின் வரலாறு; எறிந்துவிடாதீர்கள்.

4. ஒட்டுத்தாளைக் கத்தியால் கீறி, ஆணிகளைக் குறடால் உங்கள் பக்கமாக அல்ல, வெளிப்பக்கமாக இழுங்கள். துருப்பிடித்த ஆணி கையில் குத்தினால் ஏற்பூசி மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டி வரும். தடித்த கையுறை இந்தப் படிக்கு மட்டும் போடுங்கள்.

5. பலகையை மெதுவாகத் தூக்குங்கள். கறையான் வரியோ வெள்ளிப்பூச்சி அரித்த தடமோ தெரிந்தால் சட்டத்தை வீட்டுக்கு வெளியே எடுத்துப் போங்கள்.

6. தாள் தானாக விடுபட்டால் கீழே ஒரு மட்டையைச் செருகி, மட்டையோடு சேர்த்துத் தூக்குங்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இழுக்க வேண்டாம், ஆவி காட்ட வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே உறையிட்டு, காகிதப் பேணுகை தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். எங்கே தேடுவது என்று தெரியாவிட்டால் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஆலோசனை கேளுங்கள்.

பூஞ்சணம் பிடித்திருந்தால்

தொட்டால் மெத்தென்று இழுபடும் பூஞ்சணம் உயிரோடிருப்பது. உலர்ந்து தூளாக உதிர்வது உறங்குவது. உயிரோடிருப்பதைத் துடைத்தால் நாருக்குள் தேய்த்து ஏற்றிவிடுவீர்கள். முதலில் தாளை மற்றத் தாள்களிலிருந்து பிரித்து, கீழே சொல்லும் உலர்பெட்டிக்குள் வைத்து, ஈரப்பதன் 60க்குக் கீழ் வந்து சில நாட்கள் நிற்கும்வரை காத்திருங்கள். தூளானதும், வீட்டுக்கு வெளியே நிழலில், முகக்கவசத்தோடு, மிக மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே திசையில் தட்டுங்கள். வாயால் ஊதக் கூடாது. எச்சில் புதிய ஈரம். வெயிலில் காயவைத்தால் பூஞ்சணம் சாகும் என்பதில் ஓரளவு உண்மை இருந்தாலும், அதே வெயில் தாளைச் சுருட்டி மஞ்சளாக்கும். நிழலில் அசையும் உலர்காற்றே போதும்.

உலர்பெட்டி

குளிரூட்டியும் ஈரநீக்கியும் இரவு பகலாக ஓடாமல் கண்டியில் காகிதம் பேண முடியாது, அது பணக்காரர் வேலை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஓர் அறையின் காற்றை மாற்றுவதென்றால் அது உண்மை. ஒரு பெட்டியின் காற்றை மாற்றுவதென்றால் உண்மையல்ல. நீங்கள் காப்பாற்ற வேண்டியது பத்து இருபது தாள்; அவற்றைச் சூழ்ந்த சில லீற்றர் காற்றை அடக்கினால் போதும். பகலில் மட்டும் ஓடும் குளிரூட்டியோ கேட்டையே செய்யும்: நிறுத்தியதும் ஈரக்காற்று குளிர்ந்த தாளின்மேல் படிந்து வியர்க்கும்.

1. மூடியில் இறப்பர் வளையமும் கொக்கிகளும் உள்ள, பொலிபுரொபிலீன் பெட்டி ஒன்றை வாங்குங்கள். தாள் மடியாமல் கிடக்கும் அளவு வேண்டும். பழைய றங்குப் பெட்டி அழகானதுதான், ஆனால் மூடி இறுகாது, உட்புறம் துருப்பிடிக்கும்.

2. சிறிய ஈரமானி ஒன்றை வாங்கி முதலில் சோதியுங்கள். ஒரு போத்தல் மூடியில் உப்பைப் போட்டு, சேறு பதத்துக்குச் சில துளி நீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து இறுகிய பைக்குள் ஓர் இரவு வையுங்கள். நல்ல ஈரமானி காலையில் 75 காட்டும். 80 காட்டினால் அது ஐந்து கூடுதலாகச் சொல்கிறது என்று அதன் முதுகில் எழுதிவிடுங்கள்.

3. அமிலம் நீக்கிய மட்டைகளுக்கு நடுவே தாள்களைப் படுக்க வையுங்கள். தாளுக்கும் தாளுக்கும் இடையில் அமிலமற்ற மெல்லிய தாள்.

4. நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லை மெல்லிய துணிப்பையில் கட்டி மூலையில், தாளைத் தொடாமல் வையுங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் உண்டு. செம்மஞ்சள் வகையை வாங்குங்கள். அதையும் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

5. முதலில் 50 கிராம் போட்டு இரண்டு நாள் பாருங்கள். இலக்கு 50க்கும் 60க்கும் இடையில். 40க்குக் கீழே போனால் ஜெல்லைக் குறையுங்கள். 65ஐத் தாண்டினால் கூட்டுங்கள்.

6. ஜெல் நிறம் மாறியதும் அவணில் ஏறத்தாழ 120 பாகை செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் பயன்படும். உணவு சமைக்கும் தட்டில் வைக்காதீர்கள். ஆறிய பிறகே பெட்டிக்குள் போடுங்கள்.

7. பெட்டியைத் தரையிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் ஒரு சாண் விலக்கி, வீட்டின் உட்சுவர் பக்கத்து அலுமாரியில் வையுங்கள்.

வேப்பிலை, பூச்சி உருண்டை, கர்ப்பூரம், சாம்பிராணிப் புகை ஆகியவற்றைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஏட்டுச்சுவடிகளை எங்கள் முன்னோர் அடுப்பங்கரைப் பரணில், புகை படும்படி வைத்து நூற்றாண்டுகள் காத்தார்களே என்பது வலுவான வாதம். அந்த அறிவை இளப்பமாக எண்ணக் கூடாது. ஆனால் ஓலை எண்ணெய் பூசப்பட்டது, மெழுகுத்தன்மையுள்ள மேல்தோல் கொண்டது, எழுத்து அதில் கீறலாக இறங்கியிருப்பது. புகை அதன் மேலேயே நின்று பூச்சியை விரட்டும், துடைத்தால் போய்விடும். காகிதம் அப்படியல்ல, புகைக்கரியையும் எண்ணெய் ஆவியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். நப்தலீன் உருண்டை பூச்சியை விரட்டினாலும் பூஞ்சணத்தைத் தடுக்காது, மூடிய பெட்டிக்குள் அதன் ஆவி மனிதருக்கே கேடு. பூச்சி இருப்பதாகச் சந்தேகம் வந்தால், தாளை மட்டைகளுக்கு நடுவே வைத்து இரட்டைப் பையில் காற்றுப் போகாமல் கட்டி, மைனஸ் 20 பாகையைத் தொடும் உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பின் ஒரு முழுநாள் பையைத் திறக்காதீர்கள். திறந்தால் குளிர்ந்த தாளில் நீர் படியும்.

சுவரில் மாட்டுவதென்றால்

பெட்டிக்குள் கிடக்கும் படத்தால் யாருக்கு என்ன பயன் என்ற கேள்வி நேர்மையானது. கிரெட்சனையோ இராஜசிங்கனையோ பார்க்கத்தானே வாங்கினோம். நல்ல தெளிவுள்ள படி ஒன்றை எடுத்து அதை மாட்டுவதே என் பரிந்துரை. மூலத்தைப் பெப்ரவரியில் திறந்து பாருங்கள். மூலத்தையே மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஓர் ஆண்டில் உலர்ந்த மூன்று மாதங்களுக்கு மட்டும், கீழ்க்கண்டபடி மாட்டுங்கள். அமிலமற்ற மட்டையில் சாளரம் வெட்டி, தாளின் ஓரம் முழுவதும் உள்ளே மறைந்திருக்குமாறு வையுங்கள். ஓரத்தை ஒரு மில்லிமீற்றர் கூட வெட்ட வேண்டாம். கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில் சாளர மட்டையின் தடிப்பாவது இடைவெளி வேண்டும். சட்டத்தின் கீழ் மூலைகளில் சிறு இறப்பர் குமிழ் ஒட்டினால் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓடும். மழையடிக்கும் வெளிச்சுவர், குளியலறைக்கு அடுத்த சுவர், குத்துவிளக்கும் ஊதுபத்தியும் ஏற்றும் சாமி அறை, வெயில் நேரே விழும் சன்னலுக்கு எதிர்ச்சுவர் இந்த நான்கையும் தவிருங்கள். கறுப்பு மை வெளிச்சத்தைத் தாங்கும். தாள் தாங்காது, கைவண்ணம் அறவே தாங்காது.

வாங்கும்போதும் விற்கும்போதும் சட்டம்

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருள் என்று வரையறுக்கிறது. கண்டிய ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. இலங்கையில் இருக்கும் நொக்ஸின் தாளை வெளிநாட்டுக்கு அனுப்பவோ கொண்டு போகவோ எண்ணினால், தொல்பொருளியல் திணைக்களத்தில் எழுத்துமூலம் கேட்டு அனுமதிப்பத்திரம் பெற்ற பிறகே செய்யுங்கள். 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கப் பண்பாட்டு ஆதனச் சட்டமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே 1815க்குப் பிற்பட்ட தாள் என்றாலும் கேட்டுவிடுவதே பாதுகாப்பு. வாங்கும்போது பற்றுச்சீட்டில் நூலின் பெயர், ஆண்டு, அச்சு முறை மூன்றையும் விற்பவரின் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். ஒரு பழைய நூலைப் பிரித்துத் தாள்களைத் தனியே விற்கச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். முழு நூல் தன் தாள்கள் ஒவ்வொன்றுக்கும் சான்று. பிரித்தபின் அந்தச் சான்றை மீட்க முடியாது.

தாளை வீட்டுக்குக் கொண்டு வரும்போது சுருட்டாதீர்கள். இரண்டு தடித்த மட்டைகளுக்கு நடுவே வைத்து, நான்கு பக்கமும் மட்டையோடு மட்டையை ஒட்டி (தாளை அல்ல), பிளாஸ்டிக் பையில் இட்டு, பஸ்ஸின் மேல்தட்டில் போடாமல் மடியில் வைத்துக் கொண்டு வாருங்கள். வீட்டில் பையை உடனே பிரிக்காமல் ஓர் இரவு அறை வெப்பத்துக்கு விட்டு, மறுநாள் நண்பகலில் திறந்து, தாளைப் படிக்கும் வரிசையின் முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.